ஏடு படமெடுக்கும் கமெராவுக்கு வெளிப் பற்றரி செய்வது எப்படி?

ஏட்டுப்பெட்டி (சாவகச்சேரி) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு கமெராவை அதற்குள் இருக்கும் பற்றரி இல்லாமல், வெளியிலிருந்து மின் கொடுத்து ஒரு முழு நாள் ஓட்ட வேண்டும். சுவரில் பிளக் இல்லாத இடத்திலும் ஓட வேண்டும். பொதுவான பதில்கள் நிறையக் கிடைக்கின்றன, ஆனால் எங்கள் வேலை கொஞ்சம் வேறு மாதிரி. அதனால் விபரமாகவே எழுதுகிறேன்.

நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் விடுமுறை நாட்களில் தென்மராட்சி, வடமராட்சிப் பக்கம் வீடுகளுக்குப் போய்ப் பழைய ஏடுகளையும் கையெழுத்துக் கொப்பிகளையும் படமெடுத்துச் சேமிக்கிறோம். பரியாரிமார் வீட்டு வைத்திய ஏடுகள், அண்ணாவிமார் எழுதி வைத்த கூத்துக் கொப்பிகள், சில வீடுகளில் பழைய காணி உறுதிகள். வீட்டுக்காரர் இவற்றை வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். அது நியாயம்தான். ஆகவே விறாந்தையில் மேசை போட்டு அங்கேயே எடுக்கிறோம். ஏடுகள் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கின்றன. ஓர் ஓலையை ஒருமுறைதான் கையில் எடுக்க மனம் வருகிறது, பிழைத்தால் பிறகு வந்து எடுக்கலாம் என்று வைக்க முடியாது.

கமெரா கேனன் 70டி. வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் இந்த வேலைக்கென்றே தந்தது. ஸ்ராண்டில் கீழே பார்த்தபடி பூட்டி, யூஎஸ்பி வயரால் லப்டொப்புடன் இணைத்து, திரையில் பார்த்தே எடுக்கிறோம். லைவ் வியூ (கமெரா பார்ப்பதை நேரடியாகத் திரையில் காட்டுவது) திறந்தே இருப்பதால் எல்பி-ஈ6 பற்றரி ஒன்று ஒன்றரை, ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய தலையிடி, பற்றரிக் கதவு ஸ்ராண்டின் தட்டோடு முட்டுகிறது. பற்றரி மாற்றக் கமெராவையே கழற்ற வேண்டும். திரும்பப் பூட்டினால் சட்டகமும் போக்கஸும் மாறிவிடும். ஒரே கட்டின் முற்பாதி ஓர் அளவில், பிற்பாதி வேறு அளவில் வரும். இருக்கிற இரண்டாவது பற்றரி மலிவான நகல். பாதி இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும்.

டம்மி பற்றரி என்று, பற்றரி வடிவில் உள்ளே செல் இல்லாமல் வயரோடு ஒன்று விற்கிறார்கள், அதற்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கலாம் என்று வாசித்தேன். எத்தனை வோல்ற் கொடுக்க வேண்டும்? பவர் பாங்க் போதுமா, அல்லது யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ற் பற்றரி மாதிரி ஏதாவது வேண்டுமா? முக்கியமாக, கமெரா எரிந்துவிடுமா? இது எங்கள் சொந்தப் பொருள் இல்லை, இன்னொன்று வாங்க எங்களிடம் வழியும் இல்லை. சொல்டர் பிடிக்கப் பாடசாலை விஞ்ஞானகூடத்தில் பழகியிருக்கிறேன், மல்ரிமீற்றரும் இருக்கிறது.

பண்ணைக் காற்று எழுதியது:

ரீச்சர், நான் கல்யாண வீடியோ எடுக்கிறவன். சுருக்கமாகச் சொல்கிறேன், விபரம் தெரிந்த பெரியவர்கள் பிறகு வருவார்கள்.

யூஎஸ்பி முனையோடு வரும் டம்மி பற்றரி இருக்கிறது. அதன் வயருக்குள்ளேயே 5 வோல்ற்றை 8 வோல்ற்றாக ஏற்றும் சின்ன மின்சுற்றுப் பலகை இருக்கும். 20,000 மில்லி அம்பியர்-மணி பவர் பாங்க் ஒன்றை ட்ரைபொட் காலில் கட்டி, டம்மியைச் செருகினால் வேலை முடிந்தது. நல்லூர்த் தேரன்று விடியப்புறமே இடம் பிடித்து நிற்கும்போது எனக்கு அதுதான் கைகொடுக்கிறது.

இரண்டு விஷயம் கவனியுங்கள். பவர் பாங்கின் மற்றத் துளையில் போனைச் செருகினால், சில பவர் பாங்குகள் ஒரு கணம் எல்லா வெளியீட்டையும் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கும். அந்தக் கணத்தில் கமெரா அணைந்துவிடும். கமெரா தூங்கப் போய்விட்டாலும் இழுக்கும் கரண்ட் குறைவதால், வேலை இல்லை என்று நினைத்துப் பவர் பாங்க் தானாக அணையும். கமெராவில் தானாக அணையும் அமைப்பை நிறுத்தி வையுங்கள், பவர் பாங்கில் வேறொன்றும் செருகாதீர்கள்.

கொக்குவில் ரேடியோ எழுதியது:

பிள்ளை, எங்கள் வீட்டிலும் ஒரு ஏட்டுக் கட்டு இருந்தது. 95 யுத்த இடப்பெயர்வோடு போய்விட்டது. அதில் என்ன இருந்தது என்று சொல்ல இன்று வீட்டில் ஒருவரும் இல்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுத வேண்டும் என்று இருந்து எழுதுகிறேன். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரண்ட் எந்தப் பற்றரியிலிருந்து வருகிறது என்பது கமெராவுக்குத் தெரியாது. தன்னுடைய முனையில் எத்தனை வோல்ற் நிற்கிறது, தான் திடீரென்று இழுக்கும்போது அது விழுகிறதா என்பதுதான் அதற்குத் தெரியும். எதை வாங்கினாலும் சரி, டம்மி பற்றரியின் முனையில், சுமை ஏற்றிய நிலையில் (அதாவது ஏதாவது ஒன்று கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கும்போது) அளந்து பார்த்த பிறகுதான் கமெராவுக்குள் போட வேண்டும். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

எத்தனை வோல்ற்? எல்பி-ஈ6 பற்றரியில் 7.2 வோல்ற் என்று எழுதியிருக்கும். உள்ளே இரண்டு லிதியம் செல்கள் தொடராக இருக்கின்றன. முழுதாகச் சார்ஜ் ஏறினால் ஒவ்வொன்றும் 4.2, மொத்தம் 8.4 வோல்ற். ஆகவே 8.4 வரை அந்தக் கமெரா தினமும் பார்க்கிற அளவுதான். கேனனே விற்கிற சுவர் மின் அடாப்டர் 8 வோல்ற் கொடுக்கிறது. நீங்களும் 8.0 வைத்துக்கொள்ளுங்கள். 7.2 தானே எழுதியிருக்கிறது என்று 7.2 வைத்தால், கமெரா வோல்ற்றைப் பார்த்துப் பற்றரி முடியப் போகிறது என்று முடிவு செய்யும்; இழுக்கும்போது இன்னும் விழுந்து அணைந்தும் போகும். 8.4ஐத் தாண்டவே கூடாது.

டம்மி பற்றரி: 70டிக்குக் கேனனின் சொந்த டம்மி டீஆர்-ஈ6. அது கிடைத்தால் நல்லது. மற்றவர்கள் செய்வதும் வேலை செய்யும், ஆனால் வாங்கும்போது இரண்டு பார்க்க வேண்டும். எல்பி-ஈ6இல் கூட்டல், கழித்தல் தவிர இன்னும் இரண்டு முனைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கமெரா பற்றரியோடு பேசுகிறது. பேச்சுக்குப் பதில் சொல்லும் சில்லு (சிப்) உள்ள டம்மியாகக் கேட்டு வாங்குங்கள். அடுத்தது, டம்மி வயரின் வட்டமான முனையில் நடு ஊசி கூட்டலா கழித்தலா என்று மீற்றர் வைத்து நீங்களே பாருங்கள், பெட்டியில் இருக்கும் படத்தை நம்ப வேண்டாம். 70டியில் வயர் வெளியே வர ரப்பர் மூடி போட்ட சின்னத் துளை இருக்கிறது. பற்றரிக் கதவு முழுதாக மூடினால்தான் கமெரா இயங்கும், ஆகவே வயரை அந்தத் துளையால் எடுத்துக் கதவைச் சாத்துங்கள். கமெராவை ஸ்ராண்டில் பூட்டுவதற்கு முன் இதைச் செய்துவிட்டால், பிறகு நாள் முழுக்கக் கதவைத் தொடத் தேவையில்லை. உங்கள் பெரிய தலையிடி அங்கேயே தீர்ந்துவிடும்.

இனிக் கணக்கு. எல்பி-ஈ6 1800 மில்லி அம்பியர்-மணி. 7.2 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 13 வாற்-மணி. அது ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் முடிகிறது என்றால் உங்கள் கமெரா 7, 8 வாற் தின்கிறது. ஐந்து மணித்தியாலம் படமெடுக்க 35 முதல் 40 வாற்-மணி வேண்டும். ஓட்டோ போக்கஸை அணைத்து, ஒருமுறை கையால் போக்கஸ் வைத்துவிட்டு அப்படியே விட்டால் செலவு குறையும், திடீர் இழுப்பும் குறையும். ஓலை திருப்பும் இடைவெளியில் லைவ் வியூவை மூடினால் இன்னும் மிச்சம்.

இப்போது பற்றரி. தம்பி சொன்ன யூஎஸ்பி வகை கல்யாண வீட்டுக்குச் சரி. 5 வோல்ற், 2 அம்பியர் என்றால் 10 வாற். ஏற்றும் பலகையில் கொஞ்சம் போக, 8 வோல்ற்றில் 1 அம்பியருக்குச் சற்று மேலே கிடைக்கும். சராசரிக்குப் போதும். ஷட்டரும் லென்ஸ் மோட்டாரும் ஒன்றாக இழுக்கும் கணத்துக்குப் போதாமல் போகலாம். யூஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி) உள்ள பவர் பாங்க் இதைவிடத் திறம். ட்ரிகர் பலகை ஒன்றைச் செருகினால் அது 9, 12, 15 என்று கேட்கிற வோல்ற்றைத் தரும். அதில் 9ஐக் கேட்காதீர்கள். 9இலிருந்து 8க்கு இறக்கச் சாதாரணப் பக் கொன்வேர்ட்டருக்கு (வோல்ற்றை இறக்கும் பலகை) இடைவெளி காணாது, சுமை ஏறியவுடன் 8 நிற்காமல் 7 பக்கம் சரியும். 12ஐக் கேளுங்கள். எல்லாப் பவர் பாங்கும் 12 தராது, அதன் முதுகில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். 20,000 என்று எழுதியது உள்ளே இருக்கும் 3.7 வோல்ற் செல்லின் கணக்கு. அதாவது 74 வாற்-மணி, கையில் வருவது 55 போல.

இருந்தாலும் உங்கள் வேலைக்கு நான் சொல்வது 12 வோல்ற் 7 அம்பியர்-மணி சீல் செய்த ஈயப் பற்றரி. யூபிஎஸ்ஸில் இருப்பதேதான். பாரம் 2 கிலோவுக்கு மேல் வரும், அதை மறைக்கவில்லை. ஆனால் அது இடையில் யோசித்து அணையாது. எந்த ஊரிலும் கிடைக்கும். பழுதானால் அன்றைக்கே வேறொன்று வாங்கலாம். கணக்குப்படி 84 வாற்-மணி. பாதிக்குமேல் இறக்காமல் வைத்தால் நெடுங்காலம் உழைக்கும், ஆகவே 42 என்று எடுங்கள். இறக்கும் பலகையில் போனது போக 36 மிஞ்சும். ஒரு நாள் வேலைக்கு அது அளவாக இருக்கும். பெரிய கட்டு என்றால் இரண்டு பற்றரி. மோட்டார் சைக்கிளில் கால் வைக்கும் இடத்தில் ஒரு பையில் போகும்.

நடுவில் வைக்கும் பலகை எல்எம்2596 பக் கொன்வேர்ட்டர். யாழ்ப்பாணம் டவுனில் எலெக்ரோனிக் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள், இல்லாவிட்டால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கட்டாயம் இருக்கும். 3 அம்பியர் என்று விற்பார்கள், 2க்கு மேல் தொடர்ந்து எடுக்காதீர்கள், சூடாகும். நீலப் பெட்டி மாதிரி இருக்கும் திருகைப் பல சுற்றுச் சுற்றினால்தான் வோல்ற் மாறும். கமெரா பக்கத்திலேயே இல்லாத நேரத்தில் 8.0க்கு வையுங்கள். பிறகு ஒரு துளி நகப்பூச்சு விட்டுத் திருகை அசையாமல் பூட்டுங்கள்.

இனிச் சுமை. மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் 12 வோல்ற் 21 வாற் பல்ப் ஒன்று வாங்குங்கள். 8 வோல்ற்றில் அது மங்கலாக எரிந்து ஏறத்தாழ 1.4 அம்பியர் இழுக்கும். உங்கள் கமெரா சராசரியாகக் கேட்பதைவிட அது கூட. குளிர்ந்த இழை தொடக்கத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும், ஆகவே திடீர் இழுப்புக்கும் அதுவே சோதனை. பல்பை டம்மி பற்றரியின் தங்க முனைகளில் தொடுத்து, அதே முனைகளில் மீற்றரை வையுங்கள். பல்ப் எரியும்போது 7.8க்குக் கீழே போகக் கூடாது. அரை மணித்தியாலம் எரியவிட்டுப் பலகை எவ்வளவு சூடாகிறது என்றும் பாருங்கள்.

எரிந்துவிடுமா என்று கேட்டீர்கள். இந்தப் பலகை பழுதாகும் விதங்களில் ஒன்று, உள்ளே இருக்கும் ஆளி (சுவிட்ச்) ஒட்டிப்போய் 12ஐயும் அப்படியே வெளியே விடுவது. அரிது, ஆனால் நடக்கும். அதற்காக இரண்டு காவல் வையுங்கள். பற்றரியின் கூட்டல் முனைக்குப் பக்கத்திலேயே 3 அம்பியர் கண்ணாடிப் பியூஸ் ஒன்று. பலகையின் வெளியீட்டில், கூட்டலுக்கும் கழித்தலுக்கும் குறுக்கே பீ6கேஈ10ஏ என்ற டயோட் ஒன்று, வெள்ளைக் கோடு கூட்டல் பக்கம். 8 வோல்ற்றில் அது சும்மா இருக்கும். 10ஐ நெருங்கினால் தானே கடத்தத் தொடங்கி, கரண்டைத் தன் பக்கம் இழுத்துப் பியூஸைப் போக்கும். விலை ஒரு தேத்தண்ணிக் காசு அளவில்தான். முழுக் காவல் என்று சொல்லமாட்டேன், ஆனால் அது இல்லாமல் இன்னொருவர் தந்த கமெராவை நான் தொடுக்கமாட்டேன். கூடவே வெளியீட்டில் 1000 மைக்ரோஃபரட், 16 வோல்ற் கப்பாசிற்றர் ஒன்றையும் வைத்துவிடுங்கள், திடீர் இழுப்பைத் தாங்கும்.

இந்த வோல்ற் விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 90களில் யுத்தத்தால் பற்றரிக்குத் தடை இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ஊரே ரேடியோவில் செய்தி கேட்டது. டைனமோ 6 வோல்ற் என்று பெயர், மிதிப்பவர் உற்சாகமானால் அது எங்கோ போகும். நான்கு டயோட், ஒரு கப்பாசிற்றர் மட்டும் வைத்து ஓட்டிய ரேடியோக்கள் எத்தனையோ என் மேசைக்குப் புகைந்து வந்தன. ஒரு சின்னச் சீனர் டயோட் வைத்தவர்களுடையது வரவில்லை.

தொடுக்கும் ஒழுங்கு: கமெராவின் ஆளி அணைந்திருக்க டம்மியைப் போடுங்கள், பிறகு பற்றரியை இணையுங்கள், மீற்றரில் 8 பார்த்த பிறகு ஆளியைப் போடுங்கள். முடிக்கும்போது முதலில் கமெராவை அணைத்து, மெமரி கார்ட்டில் படம் எழுதும்போது எரியும் சிவப்பு விளக்கு நின்ற பிறகே வயரைக் கழற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தப் படம் கெட்டுவிடும். வயரை ஸ்ராண்டின் தூணில் இரண்டு இடத்தில் கட்டி விடுங்கள், யாராவது காலால் இழுத்தாலும் கமெரா அசையாமல் இருக்கும்.

வல்லைவெளி எழுதியது:

ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒரு சுலபமான வழியை விட்டுவிட்டார். கமெராவின் பற்றரியே இரண்டு லிதியம் செல் தொடர்தானே. 18650 என்ற உருளை லிதியம் செல் நான்கை, இரண்டு தொடர், இரண்டு சமாந்தரமாகக் கட்டி, பாதுகாப்புப் பலகை ஒன்று வைத்து நேரே டம்மியில் தொடுத்தால் இறக்கும் பலகையே வேண்டாம். முழுச் சார்ஜில் 8.4, அதற்குமேல் போகவே வழியில்லை. பலகை பழுதாகி 12 வரும் பயமும் இல்லை. 2500 மில்லி அம்பியர்-மணி செல் என்றால் 36 வாற்-மணி, ஐயாவின் 2 கிலோப் பற்றரி தருகிற அதே அளவு, கால் கிலோவுக்குள். பழைய லப்டொப் பற்றரிகளைப் பிரித்தால் செல் சும்மா கிடைக்கும்.

கொக்குவில் ரேடியோ எழுதியது:

தம்பி, உங்கள் யோசனையில் பிழை இல்லை. உண்மையில் கமெராவுக்கு அதுதான் மிக இயல்பான கரண்ட், இரைச்சலும் இல்லை. சோல்டர் வேலை தெரிந்த ஒருவர் தன் சொந்தக் கமெராவுக்குச் செய்வதாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் லப்டொப்பிலிருந்து பிரித்த செல்லை ரீச்சருக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்தச் செல்கள் ஒன்றுபோல் முதுமை அடைந்திருப்பதில்லை. ஒன்று 2000 பிடிக்கும், பக்கத்தில் இருப்பது 1200தான் பிடிக்கும். தொடராகக் கட்டினால் பலவீனமானது முதலில் இறங்கி, முதலில் ஏறி, ஒவ்வொரு சார்ஜிலும் இன்னும் கெடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சார்ஜ் ஏற்றி இறக்கி அளந்து சோடி சேர்க்க வேண்டும். செல்லில் நேரே சோல்டர் வைத்தால் சூட்டில் உள்ளே கெடும், நிக்கல் பட்டியை ஸ்பொட் வெல்டிங் செய்ய வேண்டும். சார்ஜரும் 8.4 வோல்ற்றில் சரியாக நிற்கும் லிதியம் சார்ஜராக இருக்க வேண்டும். இந்தச் சாமான் போகப் போவது ஓலையும் பழைய கடதாசியும் நிறைந்த வீடுகளுக்கு. கிடுகு வேய்ந்த கொட்டிலிலும் ஏட்டுப் பெட்டி இருக்கும். அங்கே ஒரு லிதியம் செல் தீப்பிடித்தால் கமெராவோடு நிற்காது.

புதுச் செல், நல்ல பாதுகாப்புப் பலகை, மூடிய பெட்டி, பியூஸ் எல்லாம் வைத்து நீங்களே ஒன்று செய்து, சோதித்து ரீச்சருக்குக் கொடுத்தால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன். பாரம் குறையும் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஏட்டுப்பெட்டி எழுதியது:

ஐயா, தம்பிமாரே, மிக்க நன்றி. ஈயப் பற்றரியும் எல்எம்2596 பலகையும் வாங்கிவிட்டோம், டம்மி கொழும்பிலிருந்து வந்தது. நடு ஊசி கூட்டல்தான், மீற்றர் வைத்துப் பார்த்தேன். பியூஸ், டயோட், கப்பாசிற்றர் மூன்றும் வைத்தாயிற்று. நகப்பூச்சும் வைத்தாயிற்று.

சுமை ஏற்றியபோது ஒன்று கண்டேன். பலகையின் வெளியீட்டில் அளந்தால் பல்ப் எரியும்போதும் 8.0 அசையவில்லை. டம்மியின் முனையில் அளந்தால் 7.5. பற்றரியும் பலகையும் மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில் இருக்கின்றன. அங்கிருந்து கமெராவுக்கு 2 மீற்றர் மெல்லிய வயர், மணி அழைப்புக்குப் போடுவது மாதிரி. பலகையில் 8.5 வைத்தால் டம்மியில் 8 வருமே, அப்படிச் செய்யலாமா?

இன்னொன்று. விளக்கு. வீட்டில் இருக்கும் எல்ஈடி பல்பின் கீழ் எடுத்தால் சில நேரம் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. மை மங்கிய ஓலைகளுக்கு நாங்கள் விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி வைப்போம். அப்போதுதான் எழுத்தாணிக் கீறல் நிழல் விழுந்து வாசிக்கக்கூடியதாகத் தெரியும். அந்த விளக்கையும் இதே பற்றரியில் ஓட்டலாமா?

கொக்குவில் ரேடியோ எழுதியது:

பலகையில் 8.5 வைக்கவே வேண்டாம், பிள்ளை. வயரில் விழுவது கமெரா இழுக்கும் அளவைப் பொறுத்தது. இழுக்கும்போது 8 ஆக நிற்கும், இழுக்காதபோது முழு 8.5உம் கமெராவுக்குப் போகும். நாங்கள் வைத்த எல்லைக்கு வெளியே அது.

உங்கள் அளவீடு மிகச் சரியானது, கணக்கும் அதைத்தான் சொல்கிறது. அந்த மாதிரி வயர் 0.2 சதுர மில்லிமீற்றர் இருக்கும். போக 2 மீற்றர், வர 2 மீற்றர், மொத்தத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு ஓம். 1.4 அம்பியருக்கு அரை வோல்ற் அங்கேயே போய்விடும். இரண்டு மாற்றம் செய்யுங்கள். பலகையைச் சின்னப் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் போட்டு ஸ்ராண்டின் தூணில், கமெராவுக்கு ஒரு சாண் தூரத்தில் கட்டுங்கள். கப்பாசிற்றரும் டயோடும் பலகையோடு அங்கே போக வேண்டும், பியூஸ் மட்டும் பற்றரியோடு கீழே இருக்கட்டும். நீண்ட வயர் இப்போது 12 வோல்ற் பக்கத்தில் வந்துவிடும். அங்கே கொஞ்சம் விழுந்தாலும் பலகை அதைச் சரிக்கட்டி 8ஐ வைத்திருக்கும். அந்த நீண்ட வயரையும் 0.75 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றுங்கள். பலகை கமெராவின் கழுத்தில் தொங்கக் கூடாது, தூணில்தான் நிற்க வேண்டும்.

பட்டைகளுக்குக் காரணம் எங்கள் மெயின் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடி பல்ப் விநாடிக்கு 100 முறை மினுங்கும், கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். நேர்மின்னில் ஓடும் விளக்குக்கு அந்த மினுக்கம் இல்லை. ஆனால் இதே பற்றரியில் 12 வோல்ற் எல்ஈடிப் பட்டியைத் தொடுத்தால், பற்றரி இறங்க இறங்க வெளிச்சமும் குறையும். முதல் ஓலைக்கும் கடைசி ஓலைக்கும் வெளிச்சம் வேறாகிவிடும். தம்பியின் பவர் பாங்க் யோசனையை இதற்கு எடுங்கள். யூஎஸ்பியில் ஓடும் எல்ஈடி விளக்கு ஒன்றைப் பவர் பாங்கில் செருகினால், அது முடியும் வரை 5 வோல்ற்றை நிலையாகக் கொடுக்கும். வெளிச்சம் குறைக்கும் பொத்தான் இருந்தால் முழு வெளிச்சத்திலேயே வையுங்கள். குறைக்கும்போது பல விளக்குகள் மினுக்கித்தான் குறைக்கின்றன. கூடப் பட்டால் விளக்கைத் தள்ளி வையுங்கள்.

பண்ணைக் காற்று எழுதியது:

ரீச்சர், விளக்குக்கு என்னிடம் இரண்டு சின்னப் பனல் சும்மா கிடக்கிறது, இரண்டும் யூஎஸ்பிதான். சாவகச்சேரிப் பக்கம் கல்யாணம் ஒன்று இருக்கிறது, வரும்போது கொண்டுவந்து தருகிறேன். பாவித்துவிட்டு வைத்திருங்கள்.

ஏட்டுப்பெட்டி எழுதியது:

தம்பி, பெரிய உதவி. ஐயா, பலகையைத் தூணுக்கு மாற்றினேன், வயரையும் மாற்றினேன். பல்ப் எரியும்போது டம்மி முனையில் 7.9 நிற்கிறது. நேற்று வரணியில் ஒரு பரியாரியார் வீட்டில் முழுக் கட்டு ஒன்றையும் கமெராவைத் தொடாமலே எடுத்து முடித்தோம். முதல் ஓலையும் கடைசி ஓலையும் ஒரே சட்டகத்தில், ஒரே அளவில் இருக்கின்றன. வீட்டுக்கார அம்மா பக்கத்தில் இருந்து ஒவ்வோர் ஓலையாகத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார், தன் மாமனாரின் கையெழுத்து என்று காட்டினார்.

பற்றரி ஓய்வில் 12.3 காட்டுகிறது. எப்படிச் சார்ஜ் ஏற்றுவது, எவ்வளவு நேரம்?

கொக்குவில் ரேடியோ எழுதியது:

12.3 நல்ல இடம். ஓய்வில் 12.2க்குக் கீழே போகவிடாமல் பாருங்கள். வீட்டுக்கு வந்த அன்றிரவே சார்ஜில் போடுங்கள், இறங்கிய ஈயப் பற்றரியை நாள்கணக்கில் அப்படியே வைத்தால் தட்டில் உப்புப் படிந்து பிடிப்பு குறையும். கார் பற்றரிக்கான பெரிய சார்ஜரில் போடாதீர்கள். 14.4 வோல்ற்றில் நின்று, 0.7 அம்பியருக்கு மேல் தராத சின்னச் சார்ஜர் போதும். இரவு போட்டால் காலையில் முடிந்திருக்கும். முனைகளில் கொஞ்சம் வாசலின் பூசி வையுங்கள், எங்கள் உப்புக்காற்றுக்கு பித்தளை முனைகூடப் பச்சை பிடிக்கிறது.

இரண்டாவது பற்றரி வாங்கினால் அதே அளவு, அதே முனை உள்ளதாக வாங்குங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடுக்க வேண்டாம், ஒன்று இறங்கிய பிறகு கமெராவை அணைத்து மற்றதுக்கு மாற்றுங்கள். கமெரா ஸ்ராண்டிலேயே இருக்கும், மாறுவது கீழே இருக்கும் வயர் மட்டும்தான்.